மெழுகு வைத்த தேங்காய்

அந்தச் சனிக்கிழமை காலைப் படகில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் கேட்டீர்கள். சுக்கானில் நான். எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற பீட்டர்ராஜ். அணைக்கரையில் கல் சுமக்கப் போகிற இருளம்மாளும் சங்கிலியம்மாளும். வழக்கமாகப் படகு ஓட்டுகிற கர்ணனின் மனைவி முருகம்மாள். சுண்ணாம்பு மூட்டை ஒன்பது, அரிசி மூட்டை இரண்டு. முருகம்மாளின் மடியில் ஒரு தேங்காய்.

தேங்காயை ஆட்களோடு சேர்த்துச் சொல்வது உங்களுக்கு விளையாட்டாகப் படலாம். ஆனால் என் பெட்டியைத் திறந்தபோது நீங்களும் முதலில் எடுத்தது அதைத்தான். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தீர்கள். தேங்காய் வாங்குகிற எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

என் பெயர் சின்னச்சாமி. ஊர் காமயகவுண்டன்பட்டி. வயது நாற்பத்தாறு. கள்ளோ சாராயமோ ஒரு சொட்டு இந்த நாக்கில் பட்டதில்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதை எழுதிக்கொள்ளுங்கள், பிறகு வருவதைப் புரிந்துகொள்ள உதவும்.

தேக்கடிக் கரையிலிருந்து அணைக்கரைக்குப் படகில் இரண்டு மணி நேரம். ஒப்பந்தக்காரரின் மோட்டார் படகு. தினமும் காலையில் போய் சாயங்காலம் திரும்பும். அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது முழுகிய காடு இன்னும் தண்ணீருக்குள் நின்றபடியே இருக்கிறது. பட்ட மரங்களின் தலை சில இடங்களில் வெளியே தெரியும். அவற்றால் ஆபத்தில்லை. ஒரு சாண் தண்ணீருக்கு அடியில் நிற்பவைதான் படகின் வயிற்றைக் கிழிக்கும். கட்டை என்று சொல்வோம். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, நேற்று இல்லாத இடத்தில் இன்று கட்டை இருக்கும்.

ஏழு வருஷம் அந்தப் படகை ஓட்டியவன் நான். ஒரு ஐப்பசி மாதம், பட்டப்பகலில், கட்டையில் ஏற்றிவிட்டேன். மூக்குப் பலகை பிளந்து தண்ணீர் உள்ளே வந்தது. பதினோரு பேர் இருந்தார்கள். நான் சுக்கானைப் பிடித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கர்ணன் அப்போது எண்ணெய் விடுகிற ஆள். காலையிலேயே குடித்திருந்தான், பக்கத்தில் வந்தாலே வாடை அடிக்கும். அவன் என்னைத் தோளால் தள்ளிவிட்டு, எஞ்சினைத் திருப்பி, பின்பக்கமாகவே படகைக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாளே ஒப்பந்தக்காரர் சுக்கானைக் கர்ணனிடம் கொடுத்தார். எனக்கு ஒரு மரப்பெட்டியும் பூட்டும் கொடுத்தார். அந்த வருஷம்தான் புதுச் சட்டம் போட்டார்கள். படகில் ஏறுகிறவர் சொந்தச் சரக்கு வைத்திருந்தால் கரையிலேயே ஒப்படைக்க வேண்டும். அடையாளத்துக்குத் தகரத் துண்டு கட்டிப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். அக்கரையில் இறங்கும்போது அவரவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். படகில் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

அதை நான் ஒழுங்காகச் செய்தேன். சனங்கள் சாராயத்தை எப்படியெல்லாம் கொண்டுவருவார்கள் என்று உங்களைவிட எனக்குத் தெரியும். சைக்கிள் டியூபில் ஊற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு வருவார்கள். மண்ணெண்ணெய் புட்டியில் ஊற்றி, மேலே மண்ணெண்ணெய் தடவிக்கொண்டு வருவார்கள். கூடலூர்க்காரர் ஒருவர் சுரைக்குடுக்கையில் கொண்டுவந்து மோர் என்று சொன்னார். நான் ஒவ்வொரு மூடியையும் திறந்து மோந்து பார்ப்பேன். அதனால் எனக்கு மூடிச்சாமி என்று பெயர் வைத்தான் கர்ணன். பெயர் ஒட்டிக்கொண்டது. காமயகவுண்டன்பட்டி வரைக்கும் போயிற்று.

"மூடிச்சாமி அண்ணே, என் வாயையும் மோந்து பாத்துட்டு ஏத்துங்க. அதுலயும் ஒரு மடக்கு மிச்சமிருக்கு" என்பான். படகே சிரிக்கும்.

பட்ட மரங்கள் நெருக்கமாக நிற்கிற வளைவு வந்தால், சுக்கானிலிருந்து திரும்பிப் பார்த்து, "கட்டை வருதுண்ணே, கண்ண மூடிக்கங்க" என்பான். நான்கு வருஷம், போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. மற்றபடி நல்லவன். என் பெரிய மகளுக்கு அம்மை வார்த்தபோது கம்பத்துக்கு நடந்தே போய் இளநீர் கொண்டுவந்தவன்.

நான்கு வருஷமும் அவன் குடித்துவிட்டுத்தான் ஓட்டினான். ஒரு கட்டையிலும் உரசவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஒன்றை மட்டும் யோசிப்பேன். குடிக்காதவன் இடித்தேன், குடித்தவன் இடிக்கவில்லை. அப்படியானால் நான் எதற்காக இத்தனை வருஷம் குடிக்காமல் இருந்தேன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் யோசிப்பேன்.

இந்தச் சித்திரையில் முருகம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். ஐந்து மாதம். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. குடியால்தான் தங்கவில்லை என்று கோடாங்கி சொல்லிவிட்டானாம்.

"அண்ணே, நீங்க சொன்னா அவுக கேப்பாக. வேற யார் சொன்னாலும் சிரிச்சே மழுப்பிருவாக. எப்படியாச்சும் நிறுத்திக் குடுங்க."

நான் சொன்னால் அவன் கேட்பான் என்று அவள் எதை வைத்து நினைத்தாள் என்று தெரியவில்லை. ஆனால் கேட்டான். நான்தான் வழி சொன்னேன். வீரபாண்டி கௌமாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டினால் திருவிழா முடிகிற வரைக்கும் கறி கிடையாது, குடி கிடையாது. அந்த விரதத்தோடு சேர்த்து ஒரேயடியாக விட்டுவிடு.

அதில் இன்னொரு வசதியும் இருந்தது. காப்புக் கட்டினவனுக்கு எங்கள் பக்கத்தில் ஒருவரும் சாராயம் கொடுக்க மாட்டார்கள். அம்மன் கண்ணைப் பிடுங்கிவிடுவாள் என்று பயம். பார்வை போனவனுக்குப் பார்வை கொடுத்தவள் அவள். எடுக்கவும் தெரியும் என்பார்கள். அதுவரை கர்ணனுக்கு எந்தக் கரையிலும் ஊற்றிக்கொடுக்க ஆள் உண்டு. அந்த மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறியதும் ஒரு ஆளும் இல்லை.

செவ்வாய்க்கிழமை வீரபாண்டி போய் ஆற்றில் முழுகிக் காப்புக் கட்டிக்கொண்டான். நானும் கூடப் போனேன். கோயில் வாசலில் நட்டிருந்த கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினோம். புதன்கிழமை அவனை அணைக்கரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே கயிறும் தகர டின்னும் போடுகிற கல் கட்டட அறை ஒன்று உண்டு. இரும்புக் கதவு. வெயில் இறங்காது. கூட்டிப் பெருக்கி, பாய் போட்டு, வேப்பிலை கட்டி, ஒரு குடம் தண்ணீர் வைத்தேன். விரதத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

கதவைப் பூட்டச் சொன்னது கர்ணன்தான். காவலாளி சுருளியாண்டி பக்கத்தில் நின்று கேட்டான், அவனையே விசாரித்துக்கொள்ளுங்கள்.

"நீங்களே பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போயிருங்கண்ணே. நான் திட்டுவேன். ஒங்க ஆத்தாளக்கூட இழுப்பேன். தொறந்துறாதீக" என்றான். பிறகு சிரித்தான். "மூடுறதுக்கு ஒங்கள விட்டா ஆளு யாரு."

பூட்டினேன். அன்று சாயங்காலம் படகை நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். வேறு ஆள் இல்லை. நான்கு வருஷத்துக்குப் பிறகு சுக்கான் கையில். வளைவில் கட்டைகளுக்கு நடுவே நல்லபடியாகத்தான் ஓட்டினேன்.

வியாழக்கிழமை போனபோது அவனுக்கு வேர்த்திருந்தது. கை நடுங்கியது. கஞ்சியைக் குடித்துவிட்டு வாந்தி எடுத்தான். தூக்கமே இல்லை என்றான். "ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குண்ணே. ஒரு மடக்கு மட்டும் குடுத்துட்டு நாளையில இருந்து வச்சுக்கலாமா?" என்றான். காப்பைக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை நான் படகைக் கட்டும்போதே குலவைச் சத்தம் கேட்டது. அறை வாசலில் கூட்டம். சுருளியாண்டி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சூடம் கொளுத்திக்கொண்டிருந்தான்.

"ஆத்தா எறங்கிட்டாப்பா. விடியலயே வந்துட்டா" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

சன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். கர்ணன் சுவரோடு சுவராக நின்று உடம்பெல்லாம் ஆடிக்கொண்டிருந்தான். பல் கிட்டிக்கிட்டிப் பிரிந்தது. இல்லாத எதையோ கையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான். சனங்கள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். சங்கிலியம்மாள் மஞ்சள் தண்ணீரைக் கம்பி வழியாக அவன் மேல் ஊற்றினாள். ஊரை விட்டுப் போன தன் மகன் திரும்பி வருவானா என்று கேட்டாள்.

"வருது. தண்ணிக்குள்ள இருந்து வருது. எல்லாம் வருது" என்றான் கர்ணன்.

சங்கிலியம்மாள் அழுதுகொண்டே விழுந்து கும்பிட்டாள். சுருளியாண்டி காணாமற்போன தன் மாட்டைப் பற்றிக் கேட்டான். கர்ணன் அலறினான். அதற்கும் சுருளியாண்டி ஒரு அர்த்தம் சொன்னான்.

இங்கேதான் நீங்கள் என்னைக் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. கேட்டுவிட்டீர்கள். டிரஸ்ஸர் ஞானதுரை சொல்லித்தானே நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அணைக்கரையில் இன்னாசி என்று ஒரு கொத்தனார் இருந்தார். பெரிய குடிகாரர். கால் ஒடிந்து படுத்துவிட்டார். ஊற்றிக்கொடுக்க ஆள் இல்லை. மூன்றாம் நாள் சுவரில் எறும்பு ஏறுகிறது என்று சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் செத்துப்போனார். முகாமுக்கு மருந்து கட்ட வருகிற டிரஸ்ஸர் ஞானதுரையும் நானும்தான் பிணத்தைப் படகில் ஏற்றினோம். ஞானதுரை என்னிடம் சொன்னார்.

"கால் ஒடிஞ்சதுல சாகல சின்னச்சாமி. வருசக்கணக்கா ஊறுன ஒடம்புல இருந்து சாராயத்த ஒரேயடியா உருவுனா தாங்காது. கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைக்கணும். நடுக்கம் கண்டு கண்டதும் பேச ஆரம்பிச்சா, ரெண்டு மடக்கு ஊத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிரணும். எனக்கு முன்னாடியே யாரும் சொல்லியிருந்தா இவரக் காப்பாத்தியிருப்பேன்."

நான் கேட்டுக்கொண்டேன். எனக்கு ஞாபகசக்தி அதிகம். கர்ணனுக்குக் காப்புக் கட்டு என்று யோசனை சொன்ன அன்று ஞாபகம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. எல்லா உடம்பும் ஒன்றா என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை சன்னலில் பார்த்தபோது ஒன்றுதான் என்று தெரிந்தது.

வாசலில் நின்ற இருபது பேரில் அது அம்மன் இல்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். கும்பிடாவிட்டால் தப்பாக நினைப்பார்கள்.

அன்று சாயங்காலம் பீட்டர்ராஜ் மூலமாகச் சேதி கூடலூருக்குப் போயிற்று. உன் புருசனுக்கு ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று முருகம்மாளிடம் எல்லோரும் சந்தோசமாகச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு மட்டும் சந்தோசம் வரவில்லை. புருசன் உடம்பு அவளுக்குத் தெரியும். நேரே கம்பத்துக்குப் போய் ஞானதுரையைப் பார்த்திருக்கிறாள். காலைப் படகிலேயே போய்க் கொஞ்சம் ஊற்று, நான் டாக்டரோடு பின்னால் வருகிறேன் என்று அவர் சொல்லியனுப்பியிருக்கிறார்.

காப்புக் கட்டினவனுக்குச் சாராயம் கொண்டுபோகிறவள் என்று தெரிந்தால் அந்தச் சனங்கள் அவளைப் படகில் ஏற்ற மாட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்குக் கண்ணைப் பற்றிய பயமும் இருந்திருக்கும். எல்லாவற்றையும் மீறித்தான் வந்தாள். அர்ச்சனைத் தேங்காயின் கண்ணில் துளை போட்டு, தண்ணீரை வடித்து, சாராயத்தை ஊற்றி, மெழுகால் அடைத்து, மேலே குடுமியைச் சீவி மூடி, மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தாள். அது கர்ணனின் வித்தைதான். அவன் என்னிடம் அதை நான்கு வருஷம் செய்து பார்த்திருக்கிறான். முழுக்க ஊற்றிய தேங்காய் ஆட்டினால் சத்தம் வராது. முற்றிய தேங்காயில் சத்தம் வரும்.

கரையில் தேங்காயை வாங்கினேன். ஆட்டினேன். குடுமியை விலக்கி நகத்தால் சுரண்டினேன். மெழுகு.

அவள் என் காதருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள். "அண்ணே, டிரஸ்ஸர் அய்யா குடுக்கச் சொன்னாக. இல்லைன்னா உசுரு நிக்காதுன்னாக. காட்டிக் குடுத்துறாதீகண்ணே."

"படகுச் சட்டம் ஒண்ணு இருக்கு தாயி. பெட்டியிலதான் வைக்கணும். அங்கன எறங்குனதும் தாரேன்" என்றேன்.

அவள் கையைக் கூப்பினாள். அவளை நான் நாலு பேர் முன்னால் கேவலப்படுத்தவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். "என்னண்ணே, சாமி தேங்காயையுமா மோந்து பாக்கிறீக?" என்று இருளம்மாள் கேட்டபோதுகூட, "கைதவறி உருண்டு தண்ணில விழுந்துறக் கூடாதுல்ல" என்றுதான் சொன்னேன். தகரத் துண்டு கட்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

இரண்டு மணி நேரமும் முருகம்மாள் பெட்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். வளைவு வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு அமைதியாக நான் அந்த வளைவைத் தாண்டியதே இல்லை.

கர்ணன் அன்று மத்தியானம் இரண்டு மணி வாக்கில் செத்தான். வலிப்பு வந்து போயிற்று என்று சுருளியாண்டி சொன்னான். டாக்டரும் ஞானதுரையும் வேறொரு தோணியில் வந்து சேர்ந்தபோது மூன்றரை. அம்மனோடு ஐக்கியமாகிவிட்டான் என்று சனங்கள் பூப் போட்டார்கள். பிணத்தை நான்தான் படகில் கொண்டுவந்தேன். வரும்போது அடியில் ஒரு கட்டை உரசியது. சின்ன உரசல்தான். பிணத்தின் தலைமாட்டில் இருந்த முருகம்மாள் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

இன்ன நிலையத்தில்தான் வழக்கு எழுத வேண்டும் என்று முடிவு செய்ய உங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. செத்த இடம் திருவிதாங்கூர் மண், செத்தவன் இந்தப் பக்கத்து ஆள். அந்த மூன்று நாளும் நான் வேலைக்குப் போனேன். தேங்காயை எறிந்திருக்கலாம். எறியவில்லை. ஒப்படைத்தவர் கேட்டால் கொடுக்க வேண்டிய பொருள்.

இதில் என் பேரில் என்ன குற்றம் என்று யோசித்துப் பார்த்தேன். நான் விசம் வைக்கவில்லை. குடிக்காதே என்று சொன்னேன். அதைத்தான் அவன் மனைவி கேட்டாள், சாமியாரும் கேட்பார், சர்க்காரும் கேட்கிறது. அவனே பூட்டச் சொன்னான். ஒரு இடத்தில் மட்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இறங்கும்போது அவரவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். நான்கு வருஷத்தில் ஒருவருக்கும் கொடுக்காமல் இருந்ததில்லை. கொலைகாரப் பயல் என்று ஊரே சொன்ன ஒருவனுக்குக்கூட அவன் புட்டியைக் கொடுத்திருக்கிறேன்.

அன்று இறங்கியதும் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அறை வாசலில் கூட்டம் குறைந்திருந்தது. நான் பூட்டைத் திறந்தேன். கர்ணன் தானாகவே எழுந்து வெளியே வந்தான். அந்த நேரத்துக்கு அவனுக்குப் புத்தி தெளிவாக இருந்தது. அது சில பேருக்கு நடுவில் அப்படி வரும் என்று டாக்டர் பிறகு சொன்னார். உதடெல்லாம் கடித்துப் புண்ணாகியிருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முருகம்மாளின் முகத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"நீயா. நெசமா நீதானா?"

"நான்தேன். கொண்டாந்துருக்கேன். அண்ணன் வச்சிருக்காக" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான்கு வருஷத்தில் அவன் என்னைச் சிரிக்காமல் பார்த்தது அப்போதுதான். "அண்ணே, மூடிச்சாமின்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கங்க. கட்டைன்னு சொன்னதுக்கும். ஒரு மடக்கு போதும். பெறகு நீங்களே பூட்டிக்கங்க."

"தொறங்கண்ணே. சீக்கிரம்" என்றாள் முருகம்மாள்.

என் அரைஞாண் கயிற்றில் இரண்டு சாவிகள் உண்டு. பெட்டிச் சாவி பித்தளை, சின்னது. அறைச் சாவி இரும்பு, கை நீளம். இருட்டில் தடவினாலும் மாறாது. சுருளியாண்டி சூடத்தட்டோடு வந்து, எதைத் திறக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல. ஆத்தா இன்னும் மலையேறல" என்றேன்.

கர்ணனின் தோளில் கையைப் போட்டேன். அன்றைக்குச் சுக்கானிலிருந்து என்னைத் தள்ளிய தோள் அது. இப்போது அதில் ஒன்றும் இல்லை. வா என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நடந்து வந்தான். பாயில் உட்கார்ந்து, பெட்டியை எடுத்துவரத்தான் நான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். முருகம்மாள் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். நான் கதவைச் சாத்தினேன். பூட்டினேன். வழக்கம்போல ஒரு முறை இழுத்துப் பார்த்தேன்.